போன்ல மணி 3.20... கப்பல்ல 4.20! முதல் க்ரூஸ் போறீங்களா, இதைப் படிச்சிட்டுப் போங்க

தாய்லாந்து, ஃபுக்கெட் தீவு, பட்டோங் கடற்கரை. கையில் இளநீர். எதிரே கடலுக்குள், ஒரு அப்பார்ட்மென்ட்டைக் கொண்டுவந்து மிதக்க விட்ட மாதிரி எங்கள் கப்பல் நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது.

"மணி நாலு இருபது ஆகுதுடி, கிளம்புவோமா?" என்றார் அம்மா.

நான் போனை எடுத்துப் பார்த்தேன். 3.20. "அம்மா, உன் வாட்ச் அவ்ளோதான். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, உட்காரு."

அம்மா உட்காரவில்லை. அப்பா வாங்கிக் கொடுத்த, சாவி கொடுக்கிற வாட்ச் அது. அதைக் குறை சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "காலையில கப்பல் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சரியா வெச்சேன்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள், கழுத்தில் எங்கள் கப்பலின் கார்டை மாட்டியிருந்த ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடியது. அப்போதான் எனக்கு உறைத்தது.

கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்தது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரையில் இறங்கியதும் நான் டேட்டாவை ஆன் பண்ண, போன் சத்தமில்லாமல் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு கப்பல் நேரப்படி 4.30. இளநீரை அப்படியே வைத்துவிட்டு, 58 வயது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினேன். கயிறை அவிழ்த்துக்கொண்டிருந்த படகில் கடைசி ரெண்டு ஆளாக ஏறினோம்.

அம்மாவுக்கு அது முதல் வெளிநாட்டுப் பயணம். ரெண்டு வருஷம் சீட்டு போட்டுச் சேர்த்த பணம். படகில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை, வாட்ச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊட்டி, கொடைக்கானல் போகிற மாதிரி இதுவும் ஒரு டூர் என்று நினைத்துத்தான் நானும் போனேன். ரீல்ஸில் பார்ப்பதெல்லாம் அப்படித்தானே இருக்கிறது? நீச்சல் குளம், பஃபே, சன்செட். ஆனா கப்பல் வேற மாதிரி. பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ். கப்பலை விட்டால் அது அடுத்து எந்த ஊருக்குப் போகிறதோ அங்கே உங்க செலவில் நீங்கதான் போய்ச் சேரணும்.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது நம்ம ஊரில் பலருக்கு க்ரூஸ் ஆசை வந்தது. ஆனாலும் நம்மவர்கள் அதிகம் யோசிப்பது சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களைத்தான். சென்னை, திருச்சியிலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரச் சொச்சத்தில் சிங்கப்பூர், அங்கிருந்து பினாங்கு, போர்ட் கிள்ளான், ஃபுக்கெட். அதனால இந்தக் கட்டுரையும் அந்த ரூட்டை வைத்தே போகும்.

"ஒரு ஆளுக்கு 30,000 முதல்" என்றால் என்ன அர்த்தம்?

உங்க ஃபீடில் இப்படி ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ரெண்டு வார்த்தைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்க.

'ஒரு ஆளுக்கு' என்றால், ஒரு அறையில் ரெண்டு பேர் தங்கினால் ஆளுக்கு இவ்வளவு என்று அர்த்தம். தனியாகப் போனால் பெரும்பாலான கப்பல்களில் கிட்டத்தட்ட ரெண்டு பேர் காசையும் நீங்களே கட்டணும். சோலோ ட்ரிப் கனவில் இருப்பவர்கள் இங்கேதான் முதலில் அடிபடுகிறார்கள். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையலாம். மூன்று தோழிகள் சேர்ந்து போவது இதில் லாபம்.

'முதல்' என்றால், ஜன்னலே இல்லாத உள்ளறை, அதுவும் யாரும் போகாத வாரத்தில். பள்ளி லீவ், நீளமான வீக் எண்ட், டிசம்பர் கடைசி என்றால் அந்த விலை காணாமல் போயிருக்கும்.

இதற்கு மேல் துறைமுக வரி. அதற்கும் மேல் 'கிராஜுவிட்டி'. அதாவது கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ். நீங்க மனசு வந்து கொடுக்கிற டிப்ஸ் இல்லை, ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பில்லில் தானாகவே ஏறும். பெரிய கப்பல்களில் இது தோராயமாக 16 முதல் 20 அமெரிக்க டாலர். 18 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்க. ரெண்டு பேர், நாலு இரவு... 144 டாலர். நம்ம காசில் 12,000 ரூபாய்க்கு மேல! குழந்தைக்கும் உண்டு. புக் பண்ணும்போதே "கிராஜுவிட்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கோங்க.

சாப்பாட்டுக்குக் காசு இல்லை, அது உண்மை. பஃபே, பெரிய டைனிங் ஹால், அங்கே கிடைக்கும் தண்ணீர், டீ, காபி எல்லாம் கட்டணத்தில் அடக்கம். ஆனா கேன் கூல்டிரிங்ஸ், மது, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், ஸ்பா, வைஃபை, கப்பல்காரர்கள் எடுக்கும் போட்டோ எல்லாமே தனி பில். போட்டோவுக்கு போஸ் கொடுப்பது மட்டும்தான் இலவசம். 'டிரிங்க்ஸ் பேக்கேஜ்' எடுக்கும் ஐடியா இருந்தால் ஒரு விஷயம்: பல கப்பல்களில் ஒரு அறையில் ஒரு ஆள் மது பேக்கேஜ் எடுத்தால் அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவர்களும் எடுத்தாகணும். குடிக்கிற ஒருத்தருக்காகக் குடிக்காத மூணு பேர் காசு கட்ட வேண்டியிருக்கும்.

கப்பலுக்குள் கையில் பணம் புழங்காது. உங்கள் அறைச் சாவியாக இருக்கும் கார்டில்தான் எல்லாம் ஏறும். ஏறும்போது தெரியாது, கடைசி நாள் காலையில் தெரியும். இந்தக் கார்டை உங்கள் வங்கி கார்டோடு இணைக்கும்போது கிரெடிட் கார்டைக் கொடுங்க, டெபிட் கார்டு வேண்டாம். காரணம், முன்பணமாக ஒரு தொகையைக் கப்பல் நிறுவனம் பிடித்து வைக்கும். டெபிட் கார்டு என்றால் அது உங்க கணக்கில் இருக்கும் நிஜப் பணம். அது திரும்பி வர சில சமயம் நாள்கணக்கில் ஆகும். வெளிநாட்டில், கையில் பணம் இருந்தும் இல்லாத நிலைமை!

இந்தியாவில் ஏஜென்ட் மூலமாக டூர் பேக்கேஜாக எடுத்தால் டி.சி.எஸ் என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், ரீஃபண்டாகவும் வாங்கலாம். ரசீதைத் தொலைச்சிடாதீங்க. விமானம், சிங்கப்பூரில் ஓர் இரவு, விசா எல்லாம் சேர்த்துப் பார்த்தால், விளம்பரத்தில் இருக்கும் தொகையைப் போல ரெண்டு மடங்கு கையில் இல்லாமல் கிளம்பக்கூடாது என்பது என் கணக்கு.

விசா: ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை நுழையறீங்க

சிங்கப்பூர் வழியாகப் போகும் இந்தியர்கள் பலர் கோட்டை விடும் இடம் இது. விமானத்தில் போய் சிங்கப்பூரில் நுழைகிறீர்கள், ஒன்று. கப்பல் ஏறி வெளிநாடு போய்விட்டுத் திரும்பவும் சிங்கப்பூரில் இறங்குகிறீர்கள், ரெண்டு. அதனால் விசா 'மல்டிபிள் என்ட்ரி'யா என்று கையில் வந்ததும் பாருங்க. சிங்கப்பூருக்குள் நுழையும் முன் மூன்று நாள்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டிய 'எஸ்.ஜி அரைவல் கார்டு' இருக்கிறதல்லவா, அதையும் கப்பலில் திரும்பும்போது இன்னொரு முறை நிரப்பணும். அது இலவசம். காசு கேட்கும் இணையதளம் வந்தால் அது அரசு தளம் இல்லை, உடனே வெளியே வந்துடுங்க.

மலேசியாவும் தாய்லாந்தும் நமக்கு விசா தளர்வு கொடுத்திருக்கின்றன. ஆனா இந்தச் சலுகைகள் அவ்வப்போது நீட்டிக்கப்படும், மாறும். ரெண்டு நாடுகளுக்கும் ஆன்லைன் வருகைப் படிவமும் உண்டு. "என் ஃபிரெண்டு போன வருஷம் போனப்ப எதுவும் கேட்கல" என்பதெல்லாம் செல்லாது. புக் பண்ணும்போது ஒரு தடவை, கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பார்த்துடுங்க. கப்பலை விட்டு இறங்காமல் உள்ளேயே இருந்தால் விசா வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். கப்பல் நிற்கும் நாட்டின் ஆவணம் இல்லை என்றால் கப்பலிலேயே ஏற்ற மாட்டேன் என்று நிறுவனம் சொல்லலாம். அப்போ பணமும் திரும்பாது.

பாஸ்போர்ட் பயணம் முடியும் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாகணும். ஹனிமூனோ, பேபிமூனோ, கர்ப்பமாக இருப்பவர்கள் விதியை முதலில் படிங்க. பெரிய நிறுவனங்கள் பொதுவாக 24 வாரத்தைத் தொட்டவர்களை ஏற்றுவதில்லை. ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைகளையும் ஏற்ற மாட்டார்கள்.

டிராவல் இன்ஷூரன்ஸில் 'க்ரூஸ்' சேர்ந்திருக்கிறதா என்று பாருங்க. கப்பலில் டாக்டர் இருக்கிறார், ஆனா ஃபீஸ் டாலரில். நிலைமை மோசமானால் கரைக்குக் கொண்டுபோகும் செலவுதான் பயங்கரம். இன்ஷூரன்ஸில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

பால்கனியா, உள்ளறையா?

மூன்று இரவுப் பயணத்துக்கு பால்கனி வேண்டாம் என்பது என் கட்சி. அறையில் தூங்கத்தான் போகிறீர்கள். கடலை மேல்தளத்தில் நின்று ஓசியில் பார்க்கலாம். உள்ளறையில் ஒரே சிக்கல், பொழுது விடிந்ததே தெரியாது, அலாரம் வையுங்க. மூடிய அறை என்றால் மூச்சு முட்டும் என்பவர்கள், வயதான பெற்றோரோடு போகிறவர்கள் மட்டும் ஜன்னல் அறை எடுங்க.

அறை வகையைவிட முக்கியம், அது எங்கே இருக்கிறது என்பது. பஸ்ஸில் பின் சீட்டில் குலுங்குமே, அதே கதைதான். கப்பலின் முன்முனையிலும் பின்முனையிலும் உயரமான தளங்களிலும் ஆட்டம் அதிகம். நடுவில், கீழ்த்தளத்தில் குறைவு. வாந்தி பயம் இருந்தால் அங்கே கேளுங்க. இன்னொன்று, டெக் பிளானை எடுத்து உங்க அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்க. தலைக்கு மேலே நீச்சல் குளத் தளம் என்றால் காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம்தான் உங்கள் சுப்ரபாதம்.

குக்கரை வீட்டுலயே வெச்சிட்டு வாங்க

நம்ம ஆட்கள் குட்டி ரைஸ் குக்கர் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். கப்பலில் சூடாகும் எதற்கும் தடை. ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், மெழுகுவத்தி எதுவும் ஆகாது. சில வகை எக்ஸ்டென்ஷன் போர்டையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நடுக்கடலில் தீயைவிட மோசமான ஆபத்து இல்லை, அதனால்தான் இந்தக் கெடுபிடி. ஸ்கேனரில் தெரிந்துவிடும். இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

வீட்டில் கட்டிய புளியோதரைக்கும் அனுமதி கிடைக்காது. பிரிக்காத பாக்கெட் முறுக்கு, பிஸ்கட் பிரச்னை இல்லை. சைவம் சாப்பிடுபவர்கள் கவலைப்பட வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியர் கூட்டம் அதிகம் என்பதால் பஃபேயில் சாதம், பருப்பு, சப்பாத்தி கிடைக்கிறது. ஆனா ஊறுகாய் மட்டும் ஒரு பாக்கெட் கையோடு இருக்கட்டும். மூன்றாம் நாள் என்னைக் கும்பிடுவீங்க.

வேப் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுபோகவே கூடாது. சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் அது சட்டவிரோதம். "ஒண்ணுதானே, பேன்ட் பாக்கெட்ல இருக்கட்டும்" என்கிற வேலை அங்கே ஆகாது.

ஏறும் நாள்

முதல் விதி, கப்பல் கிளம்பும் நாளில் சிங்கப்பூர் போய் இறங்காதீங்க. முந்தைய நாளே போயிடுங்க. விமானம் ஆறு மணி நேரம் தாமதமானாலும் உங்க க்ரூஸ் பிழைக்கும்.

ரெண்டாவது, எந்தத் துறைமுகம் என்று பாருங்க. சிங்கப்பூரில் ரெண்டு க்ரூஸ் முனையங்கள் இருக்கின்றன. பெரிய கப்பல்கள் பொதுவாக மரீனா பே க்ரூஸ் சென்டரிலிருந்து கிளம்பும். எம்.ஆர்.டி ரயிலில் போனால் மரீனா சவுத் பியர் நிலையத்தில் இறங்கணும். இன்னொன்று ஹார்பர்ஃப்ரன்ட்டில் இருக்கும் சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர். பேரைக் கேட்டால் டாக்ஸி டிரைவர்கூட குழம்பலாம். டிக்கெட்டில் இருக்கும் முகவரியைக் காட்டுங்க.

பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அது உங்க அறைக்கு வந்து சேர சாயங்காலம்கூட ஆகலாம். அதனால் பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர், நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்காகக் காத்திருக்கும் மற்றவர்கள் ஜீன்ஸோடு நிற்கும்போது நீங்க குளத்தில் இருக்கலாம்.

ஏறியதும் பாதுகாப்பு ஒத்திகை. இப்போதெல்லாம் போனிலோ டிவியிலோ வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒதுக்கிய கூடும் இடத்துக்கு நேரில் போய்க் கார்டைக் காட்டினால் முடிந்தது. பலருக்கு இது ஒரு தொல்லை. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்களே, அன்று மாலைதான் அந்தக் கப்பலில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதன் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடந்தாகணும் என்று சர்வதேச விதி மாறியது. ஏழு குட்டி ஹாரன், ஒரு நீள ஹாரன் கேட்டால் எங்கே போகணும் என்று அம்மாவுக்கும் காட்டிக்கொடுங்க. லிஃப்ட் வேலை செய்யாது, படிக்கட்டு எது என்றும் பார்த்து வையுங்க.

போனை என்ன செய்யணும்?

கப்பல் நகர ஆரம்பித்ததும் ஏரோப்ளேன் மோட். மறக்கவே கூடாது. கரையின் சிக்னல் போன பிறகு கப்பலில் சாட்டிலைட் வழியாக ஒரு மொபைல் நெட்வொர்க் கிடைக்கும். போன் அதைக் கண்டதும் சந்தோஷமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்க எதையும் தொடாவிட்டாலும், பின்னால் ஓடும் ஆப்கள் டேட்டாவை உறிஞ்சும். நீங்க போட்டிருக்கும் சிங்கப்பூர், மலேசியா ரோமிங் பேக் கப்பல் நெட்வொர்க்குக்குப் பெரும்பாலும் செல்லாது, அதற்குத் தனி கட்டணம். ஊருக்கு வந்து பில்லைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு வலிக்கும்.

ஏரோப்ளேன் மோடில் வைத்துவிட்டு வைஃபையை மட்டும் ஆன் பண்ணுங்க. கப்பலின் ஆப் பெரும்பாலும் இலவசமாகவே வேலை செய்யும். அதை வீட்டிலேயே டவுன்லோடு பண்ணிடுங்க. எந்த ஷோ எத்தனை மணிக்கு, எந்த ஊரில் எத்தனை மணிக்குத் திரும்பணும், இதுவரை எவ்வளவு பில் என எல்லாம் அதில் இருக்கும். பில்லைத் தினமும் ராத்திரி ஒரு தடவை பாருங்க. இன்டர்நெட் வேணும் என்றால் வைஃபை பேக்கேஜைக் கிளம்பும் முன்பே ஆன்லைனில் வாங்குவது பெரும்பாலும் மலிவு. நாலு பேர் போனால் ஒரே ஒருத்தருக்கு எடுத்தால் போதும். ஸ்டேட்டஸ் ஒரு நாள் லேட்டானால் யாரும் தேட மாட்டாங்க.

அப்புறம், நான் கோட்டை விட்ட அந்த விஷயம். செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக் டைம்' என்பதை ஆஃப் பண்ணிவிட்டு, கப்பல் நேரத்தைக் கையால் செட் பண்ணுங்க. எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி இல்லை. சில கப்பல்கள் போகும் ஊருக்கு ஏற்ப நேரத்தை மாற்றும், சில கிளம்பிய ஊர் நேரத்திலேயே இருக்கும். கரையில் இறங்கும் வாசலில் "எல்லோரும் திரும்ப வேண்டிய நேரம்" என்று போர்டு வைத்திருப்பார்கள். அதைப் போட்டோ எடுங்க. பக்கத்திலேயே கப்பல் கடிகாரம் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்க. இல்லையா, ஒரு சாதாரண கை வாட்ச் போதும். அது எந்த டவரையும் பார்த்து மனசு மாறாது.

கரையில் இறங்கினால்...

எல்லாத் துறைமுகமும் ஒரே மாதிரி இல்லை. பினாங்கில் கப்பல் நிற்பது ஸ்வெட்டன்ஹாம் பியரில். இறங்கினால் அதுவே ஜார்ஜ் டவுன். 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். டூர் எதுவும் எடுக்க வேண்டாம். கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா, குவீன் தெருவில் 1833-ல் தொடங்கப்பட்ட மகா மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே வாழையிலைச் சாப்பாடு. "அட, இங்கயும் தமிழ்ல போர்டு!" என்று அம்மா ஒவ்வொரு கடையாக நின்றார். எங்கள் பயணத்தில் அவருக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான்.

போர்ட் கிள்ளான் அப்படி இல்லை. விளம்பரத்தில் 'கோலாலம்பூர்' என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நகரம் 50 கிலோமீட்டருக்கு மேல். டிராஃபிக்கில் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். இரட்டைக் கோபுரமும் பார்க்கணும், பத்து மலையில் 272 படியும் ஏறணும், ஷாப்பிங்கும் போகணும் என்றால் நடக்காது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்க.

பட்டோங் மாதிரி இடங்களில் கப்பல் தள்ளி நிற்கும், சின்னப் படகில்தான் கரைக்கு வரணும். இங்கே நீங்க பார்க்க வேண்டியது கப்பல் கிளம்பும் நேரத்தை இல்லை, கடைசிப் படகு நேரத்தை. அது பல சமயம் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ முன்னதாக இருக்கும். கடைசி நேரத்தில் வரிசையும் நீளம். கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகே ஓடாது, அந்த ஊரையே கேப்டன் தாண்டிப் போகலாம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் ஃபுக்கெட்டின் மேற்குக் கரைக்கு இந்தச் சிக்கல் உண்டு. அதற்கு நஷ்ட ஈடு எதிர்பார்க்காதீங்க. ஊரை மாற்றும் உரிமை கேப்டனுக்கு உண்டு என்பதற்கு புக் பண்ணும்போதே நீங்க 'ஓகே' கொடுத்திருப்பீங்க.

கப்பலே நடத்தும் டூர் விலை அதிகம். ஆனா அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களைச் சேர்க்கும் பொறுப்பை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வெளியில் நீங்களே பேசிய டாக்ஸி தாமதமானால் காத்திருக்காது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் நார்வீஜியன் டான் கப்பலின் எட்டுப் பயணிகள் தனியார் டூர் போய்த் தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் கண்ணெதிரே நங்கூரத்தில் நின்றும் ஏற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் நாடு நாடாகக் கப்பலைத் துரத்தினார்கள். காம்பியாவில் பிடிக்கப் போனால் அங்கே கப்பலால் கரைக்கு வர முடியவில்லை. கடைசியில் செனெகலுக்குப் போய்த்தான் பிடிக்க முடிந்தது.

அதனால என் கணக்கு இது: பக்கத்தில் நடந்து பார்க்கும் ஊர் என்றால் நாமே போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் போகணும் என்றால் கப்பல் டூர். எப்படிப் போனாலும் கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே துறைமுகத்தின் பக்கத்தில் இருங்க. ஷாப்பிங்கை அங்கே வெச்சுக்கலாம். பாஸ்போர்ட் நகல், கிரெடிட் கார்டு, அந்த ஊரில் கப்பலின் ஏஜென்ட் நம்பர் மூன்றும் பையில் இருக்கட்டும். அந்த நம்பர் கப்பல் தரும் தினசரித் தாளிலோ ஆப்பிலோ இருக்கும். ஒருவேளை விட்டுவிட்டால் முதல் போன் அவருக்குத்தான்.

வாந்தி, வயிறு

மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல். இருந்தாலும் பஸ்ஸில் வாந்தி வரும் ஆள் என்றால் மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிக்கோங்க. தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிய பலன் இருக்காது, முன்பே போடணும். தூக்கம் வரும். அறைக்குள் படுத்து போனை நோண்டினால் இன்னும் மோசமாகும். மேல்தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பாருங்க. இஞ்சி மரப்பா கொஞ்சம் உதவும்.

பஃபே வாசலில் சானிடைசர் இருக்கும். அது இருக்கிறதே என்று சோப்பை விட்டுடாதீங்க. கப்பல்களில் வாந்தி பேதியைக் கிளப்பும் நோரோ வைரஸுக்கு சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் வழி.

கடைசி ராத்திரி

கடைசி இரவு பெட்டியைப் பேக் பண்ணி, கப்பல் கொடுக்கும் டேக்கைக் கட்டி, அறை வாசலில் வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். ராத்திரியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், காலையில் சிங்கப்பூர் முனையத்தில்தான் பார்க்கலாம். தூக்கிக்கொண்டு இறங்கத் தெம்பு இருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளலாம், வரிசையும் சீக்கிரம் முடியும். வெளியே வைப்பதாக இருந்தால், மறுநாள் காலையில் போடும் துணியை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்க.

நான் ரொம்ப சுறுசுறுப்பாக எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்து, பத்தரை மணிக்கே ரெண்டு பெட்டியையும் வெளியே தள்ளிவிட்டேன். காலையில் குளித்துவிட்டு வந்த அம்மா, "என் புடவை எங்கடி?" என்றார். நைட்டி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, கையில் அந்த வாட்ச்சோடு அவர் சிங்கப்பூர் இமிகிரேஷன் வரிசையில் நின்றார். ஆபீசர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் அனுப்பிவிட்டார். அம்மாதான் திருச்சி வந்து சேரும்வரை என்னிடம் பேசவில்லை.